புகைக்குழாய் உண்டு, புகைச் சோதனை இல்லை

லண்டனில் பிரியஸ், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த டொயோட்டாவின் ஹைபிரிட் கார், வைத்திருக்கிற தமிழர்கள் ஏராளம். மினிகேப் (வாடகைக் கார்) ஓட்டியவர்கள் முதலில் வாங்கினார்கள். அவர்கள் கைவிட்டதை எங்களைப் போன்றவர்கள் வாங்கினோம். ஹாரோ பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் இரண்டொன்று நிற்கும். இந்தக் கார்களின் எம்ஓடி சோதனையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வைத்திருக்கிறவர்களில் பலருக்கே அது தெரியாது.

எம்ஓடி என்றால் தெரியாதவர்களுக்கு: பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய காரை வருடம் ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். (வட அயர்லாந்தில் நாலு வயது.) பிரேக்கை உருளையில் ஏற்றிப் பார்ப்பார்கள். டயரின் பூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துத் துரு தேடுவார்கள். வைப்பர் ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் விடமாட்டார்கள். பெட்ரோல் கார் என்றால், கடைசியில் புகைக்குழாய்க்குள் ஒரு புரோப்பைச் செருகி, எஞ்சினை உறுமவிட்டு, வெளியே வருகிற வாயுக்களை அளப்பார்கள். ஹைபிரிட் காருக்கு மட்டும் இந்தக் கடைசி வேலை கிடையாது. பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது, பெட்ரோல் எரிகிறது, புகைக்குழாயும் பின்னால் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் புரோப் வைக்க வேண்டாம் என்று சோதனைக் கையேடே விலக்குக் கொடுத்திருக்கிறது.

நான் போகிற கராஜில் தம்பி ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "அண்ணை, நான் புரோப்பை வைக்கிறன் எண்டு வையுங்கோ. எஞ்சின் தன்ர பாட்டில நிண்டிடும். பிறகு நான் என்னத்தை அளக்கிறது?" என்றார். சுருக்கமான பதில்தான். ஆனால் அதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

சாதாரணப் பெட்ரோல் காரின் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கியரில் போடாமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுக்குள் பிடித்து வைக்க வேண்டும். அந்த நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எரியாமல் தப்பி வருகிற ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 200 பங்கு) இருக்க வேண்டும். லாம்டா, அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கிற விகிதத்தின் கணக்கு, 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்புறம் காலை எடுத்து ஐட்லிங்கில் விட்டு இன்னொருமுறை பார்ப்பார்கள். அங்கே கார்பன் மோனாக்சைடுக்கு 0.3 சதவீதம். 2002-க்குப் பிறகு வந்த கார்களுக்குப் பொதுவாக இவைதான் எல்லைகள். 1990-ல் பதிவான கார் என்றால் 3.5 சதவீதம் வரை விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்துக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்டர் (புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சிதைக்கிற சாமான்) பொதுவாகக் கிடையாது, அதனால் அந்தச் சலுகை. ஆக, முப்பத்தைந்து வயசுக் கிழட்டுக் காருக்குக் கூடப் புரோப் உண்டு.

இந்தச் சோதனை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சுற்றும், எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு சுற்றும், காலை எடுத்தால் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். எம்ஓடி 1960-ல் தொடங்கியது. எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த நேரம். அப்போது பத்து வயது கடந்த கார்களுக்கு மட்டும்தான். பிரேக், லைட், ஸ்டீயரிங் பார்த்தால் போதும் என்றிருந்தது. வாயுவை அளப்பது 1991-ல்தான் சேர்ந்தது. அதற்கு ஆறு வருடம் கழித்து, 1997 டிசம்பரில், டொயோட்டா ஜப்பானில் பிரியஸை விற்கத் தொடங்கியது. 2000-ல் அது பிரிட்டனுக்கு வந்தது. 1991-ல் உட்கார்ந்து விதி எழுதியவர்கள், கால் சொல்வதைக் கேட்காத எஞ்சின் ஒன்று வரும் என்று எதற்கு யோசித்திருக்கப் போகிறார்கள்?

பிரியஸில் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதியில் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் எப்போது ஓட வேண்டும், எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதெல்லாம் கணினியின் முடிவு. ஓட்டுகிறவர் கேட்பது வேகத்தை மட்டும்தான். அதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்பது கணினியின் பாடு. காரை நிறுத்திவைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பேட்டரி நிரம்பியிருக்கும் பட்சத்தில் எஞ்சின் சட்டையே செய்யாது. பேட்டரி குறைந்திருந்தால் ஓடும். அப்போதும் அது சும்மா ஓடுவதில்லை, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற சுமையோடு ஓடும். விதி கேட்கிற 'சுமையில்லாத 2,500 சுற்று' என்ற நிலை அந்தக் காருக்கு இயல்பில் கிடையாது.

சரி, அளக்கவே வழியில்லையா என்றால், இருக்கிறது. பிரியஸில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரேக்கில் கால் வைக்காமல் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும். பார்க்கில் வைத்து ஆக்ஸிலரேட்டரை அடிவரை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்கு மாற்றி இரண்டு தடவை, மறுபடி பார்க்கில் இரண்டு தடவை. பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். முதல் தடவை பார்க்கிறவருக்கு ஏதோ மந்திரவாதம் மாதிரி இருக்கும். ஆனால் வேலை செய்யும். எஞ்சின் அணையாமல் சுமார் ஆயிரம் சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜப்பானில் 'ஷாகென்' என்கிற அவர்களுடைய வாகனச் சோதனையில் ஹைபிரிட்டின் புகையை அளக்க இந்த மோடைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரைச் செய்த நாடு அளக்கிறது, பிரிட்டன் அளக்காமல் விடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக இந்த மோடை ஒளித்து வைத்திருக்கும்போது, ஊருக்கு ஊர் இருக்கிற சின்னக் கராஜ்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் இது செய்ய முடிந்த காரியம்.

இங்கே என் பக்கத்து வாதத்தையே நான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி அளந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. சூடான கன்வர்டர், நிதானமாக ஓடுகிற எஞ்சின் என்ற நிலையில் உடம்பு சரியாக இருக்கிற எந்தப் பிரியஸும் தேறிவிடும். அதன் புகையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

கன்வர்டர் வேலை செய்ய அதற்குச் சூடு வேண்டும். ஏறத்தாழ 250, 300 டிகிரி வந்தால்தான் அதற்குள் இருக்கிற பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு தன் வேலையைத் தொடங்கும். காலையில் பிரியஸின் பவர் பொத்தானை அழுத்தியதும், பேட்டரி நிரம்பியிருந்தால் கூட, சில நொடிகளில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். காரை நகர்த்துவதற்காக அது ஓடவில்லை. தீப்பொறியைத் தாமதப்படுத்தி, வெப்பத்தை வேண்டுமென்றே குழாய்க்குள் தள்ளி, கன்வர்டரைச் சூடாக்குகிறது. அதோடு முடிவதில்லை. டிராஃபிக்கில் எஞ்சின் நின்று நின்று ஓடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சிக்கல் வருகிறது. எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் சுற்றி நிற்கிற அந்தக் கணத்தில் வெறும் காற்று கன்வர்டருக்குள் போய், ஆக்சிஜன் அதில் ஏறிவிடும். அந்த நிலையில் மறுபடி எஞ்சின் பற்றினால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாமல் அவை அப்படியே வெளியே வரும். அதற்காகக் கணினி ஒவ்வொரு மறு ஸ்டார்ட்டிலும் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அந்த ஆக்சிஜனைக் கழுவிவிடுகிறது. மிக நுட்பமான கணக்கு. சென்சார் கிழடாகி, கன்வர்டரும் கிழடாகி, இந்தக் கணக்கு பிசகினால் யாருக்குத் தெரியும்? சூடாக்கி ஒரே சீராக ஓடவிட்டு அளக்கிற சோதனைக்குத் தெரியாது. போதாக்குறைக்கு எம்ஓடி கருவி நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை, எந்தப் பெட்ரோல் காருக்கும்.

பிளக் போட்டு சார்ஜ் செய்கிற ஹைபிரிட்டில் நிலைமை இன்னும் வேறு. வீட்டிலிருந்து மின்சாரத்தில் கிளம்பி, மோட்டார்வேயில் ஏறும் இடத்தில் திடீரென்று வலு தேவைப்படும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எஞ்சின் பச்சைக் குளிரில், முழு வலுவில் எழுந்திருக்கும். கன்வர்டரும் குளிர்ந்தே இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் போவது, அதற்கப்புறம் ஒழுங்காக ஓடுகிற பல மைல்களில் போவதை விட அதிகமாக இருக்கலாம். அதை எந்தக் கராஜிலும் பிடிக்க முடியாது.

ஆகவே புரோப் வைக்காததில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அதற்குப் பதிலாக என்ன வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மிச்சமிருப்பவை இரண்டே: டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிகிறதா என்று பார்ப்பது, காரோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் அதன் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. 2018 மே மாதம் கொண்டுவந்த புதிய தரம் பிரிப்பில் இரண்டுமே 'மேஜர்' குறைகள், கார் ஃபெயில். காகிதத்தில் பார்த்தால் போதுமானதுதான். லண்டன் தெருவில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதாது.

பிரியஸ் வைத்திருக்கிறவர்களுக்கு கன்வர்டர் திருட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2019 தொடங்கி அடுத்த சில வருடங்களில் அது ஊரெல்லாம் பரவியது. ஜாக்கி போட்டுத் தூக்கி, ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்து, ஒருசில நிமிடத்தில் காரியத்தை முடித்துவிடுவார்கள். சனங்கள் பார்க்கப் பார்க்க, பட்டப்பகலில் சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே நடந்தது. ஹைபிரிட்டை ஏன் தேடி வருகிறார்கள் என்றால், அதன் கன்வர்டரில் விலையுயர்ந்த உலோகம் அதிகம், எஞ்சின் குறைவாக ஓடுவதால் பூச்சு கெடாமலும் இருக்கும். 2021 மார்ச்சில் ரோடியம் ஒரு அவுன்ஸ் முப்பதாயிரம் டாலரை நெருங்கியது. தங்கம் அப்போது இரண்டாயிரத்துக்கும் கீழேதான். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் பணமாகக் கையில் கொடுக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் இருந்தும் சந்தை நின்றபாடில்லை.

திருட்டுப் போனால் மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தவுடனே தெரிந்துவிடும், டிராக்டர் மாதிரி சத்தம் போடும். அதற்கப்புறம் நடப்பதுதான் நம் விஷயம். நிறுவனத்தின் அசல் கன்வர்டர் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். இன்சூரன்ஸில் கேட்டால் அடுத்த வருடப் பிரீமியம் ஏறும். மினிகேப் ஓட்டுகிறவருக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. எனவே மலிவான மாற்றுக் கன்வர்டர் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே பூச்சு அசலில் இருப்பதை விட மிகக் குறைவாக இருக்கலாம். சில மாதத்தில் எஞ்சின் லைட் எரியும், பி0420 என்று பிழைக் குறியீடு காட்டும், கன்வர்டரின் திறன் போதவில்லை என்று அர்த்தம். அதற்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. கன்வர்டருக்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாருக்கு அடியில் சின்னதாக ஒரு உலோகத் துண்டைச் செருகி, சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து சற்று வெளியே இழுத்துவிட்டால், அது கன்வர்டர் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ளும். லைட் அணைந்துவிடும்.

இப்போது எம்ஓடிக்குப் போங்கள். கண்ணுக்குக் கன்வர்டர் தெரிகிறது. லைட் எரியவில்லை. பாஸ். இதே வேலையைச் சாதாரணப் பெட்ரோல் காரில் செய்திருந்தால் புரோப் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. எந்தக் காரில் கன்வர்டர் அதிகம் திருட்டுப் போகிறதோ, அந்தக் காரில்தான் கன்வர்டர் வேலை செய்கிறதா என்று அளக்கும் சோதனை இல்லை. டீசல்காரர்களிடம் இந்த விளையாட்டை ஏற்கனவே பார்த்துவிட்டார்கள். டீசல் கரித்துகளைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி இல்லாவிட்டால் ஃபெயில் என்று 2014 பிப்ரவரியில் விதி வந்தது. உடனே சிலர் வடிகட்டியின் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மறுபடி வெல்டு செய்து மாட்டினார்கள். கூடு இருக்கிறதா என்று கேட்டால் கூட்டைத்தானே காட்டுவார்கள்?

புகை அதிகம் விடுகிற கார்களிடம் கட்டணம் வாங்குகிற லண்டன் யூலெஸ் வலயத்திலும் இதே கதை. 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரித்த பிறகு, தரத்துக்குக் கீழே உள்ள கார் ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டும். பெட்ரோல் என்றால் யூரோ 4 என்கிற ஐரோப்பியப் புகைத் தரம் போதும், பிரியஸுக்குக் கவலை இல்லை. கேமரா படிப்பது நம்பர் பிளேட்டை. அந்த நம்பரின் கீழ் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. தொழிற்சாலையிலிருந்து இறங்கிய அன்று எழுதிய ஜாதகத்தை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்தும் இவன் நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கலிபோர்னியாவில் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். 2000 மாடல் தொடங்கி வந்த பெட்ரோல் கார்களுக்கு அங்கே புரோப் வேலையே இல்லை, ஹைபிரிட்டும் அதில் அடக்கம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் கருவியை மாட்டி, காரின் கணினியிடமே கேட்கிறார்கள். லைட் எரிகிறதா என்று மட்டும் கேட்பதில்லை, தன்னைத்தானே சோதிக்கிற 'மானிட்டர்கள்' ஓடி முடித்திருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். சோதனைக்கு முதல் நாள் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வருகிற கெட்டிக்காரர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். அழித்தால் மானிட்டர்களும் சுழியத்துக்குப் போய்விடும், அவை மறுபடி நிரம்ப ஒழுங்காகப் பல மைல் ஓட்டியாக வேண்டும். சென்சாரை ஏமாற்றும் கைவைத்தியம் இதிலும் தப்பிவிடலாம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் லைட்டை வெறுமனே பார்ப்பதை விட இது எவ்வளவோ மேல். ஜெர்மனியில் ஹைபிரிட்டுக்கும் புகைச் சோதனை உண்டு, முழு மின்காருக்கு மட்டும்தான் விலக்கு. யூரோ 6 டீசல்களுக்கு 2023 ஜூலையிலிருந்து துகள்களையே எண்ணுகிறார்கள், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,50,000 என்பது எல்லை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. பிரிட்டனும் 2023 தொடக்கத்தில் எம்ஓடியை மாற்றலாமா என்று ஆலோசனை கேட்டது. முதல் சோதனையை நாலாவது வருடத்துக்குத் தள்ளுவதா என்ற சண்டையில்தான் எல்லோருடைய கவனமும் போனது. அடுத்த ஜனவரியில் மூன்று வருடமே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டார்கள்.

இதே கார்கள் ஜப்பானிலிருந்து நேரே ஊருக்கும் போயின. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அக்வா, ஆக்ஸியோ, வெசல் என்று ஹைபிரிட்டுகள் நிறைந்திருக்கின்றன. அங்கே வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும்.  

கராஜ் தம்பியிடம் கலிபோர்னியா முறையைச் சொல்லி, உங்களிடம்தான் ஓபிடி கருவி இருக்கிறதே, ஐந்து நிமிட வேலை, இதை ஏன் எம்ஓடியில் சேர்க்கக்கூடாது என்று கேட்டேன். சிரித்தார். "அண்ணை, எம்ஓடிக்கு ஆகக் கூட 54 பவுண்ட் 85 பென்ஸ்தான் வாங்கலாம். 2010-ல இருந்து அதேதான். பக்கத்துக் கராஜ்காரன் முப்பத்தஞ்சுக்குச் செய்யிறான், நான் எப்பிடி முழுசா வாங்கிறது? இதுக்குள்ள இன்னொரு வேலையும் தந்தால், அதுக்கு ஆர் காசு தருவினம்?" அவர் சொல்வது நியாயம். எம்ஓடியில் வருமானம் பார்க்கிற கராஜ் குறைவு. ஃபெயிலானதைத் திருத்துகிற வேலையில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது. கட்டணத்தைத் தொடாமல் சோதனையை மட்டும் கூட்டுவேன் என்றால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஹைபிரிட்டுக்கு மட்டும் ஐந்து பவுண்ட் கூட்டி ஓபிடி படிக்கச் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசாமல் கட்டுவேன். தெருவில் நிற்கிற மற்றப் பிரியஸ்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

அதுவரை, பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர்கள் எம்ஓடி பாஸ் காகிதத்தைப் பார்த்துப் புகை சரி என்று நினைத்துவிடாதீர்கள். இருபது பவுண்டுக்குள் ஒரு ஓபிடி ரீடர் கிடைக்கும். அதை மாட்டிப் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மானிட்டர்கள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் யாரோ சமீபத்தில் பிழைக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று விற்கிறவரிடம் கேளுங்கள். காரைத் தூக்கிப் பார்க்க முடிந்தால் குழாயில் புது வெல்டிங் தெரிகிறதா, பின் சென்சார் வழக்கத்தை விடத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். கன்வர்டர் மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் நல்ல கன்வர்டர் ஒன்றின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.